வாடகைக்கு வந்த பசுமை

தாளாளர் லூயி முசே செடிகளை வாடகைக்கு எடுத்திருந்தார், கல்யாணத்துக்கு நாற்காலி எடுப்பதுபோல.

சுனாமிக்குப் பிறகு புதுச்சேரியில் வெளிநாட்டு உதவிச் சங்கங்கள் பெருகியதிலிருந்து அவருக்கு இயற்கை மீது பாசம் பொங்கிக்கொண்டிருந்தது. மூலக்குளம் நர்சரியிலிருந்து வந்த குரோட்டன்ஸ் செடிகளைக் கறுப்புக் கவரோடு பள்ளி முற்றத்தில் புதைக்கச் சொன்னார்.

“கவரைக் கிழிக்கலியா முசே?” என்றாள் யு.கே.ஜி. டீச்சர் சந்திரகலா. புதுச்சேரியில் சார் என்றால் முசே, மேடம் என்றால் மதாம்.

“கிழிச்சா சாயங்காலம் அவன் திரும்ப எடுத்துப்பானா? உதவி தர வர்ற பாரீஸ் மதாம் பத்து நிமிஷம் பாப்பாங்க, போயிடுவாங்க.”

“அப்ப எங்க எருக்குழிய என்ன பண்ணப் போறீங்க?”

“அந்த நாத்தமா? நாளைக்கு சிமென்ட் போட்டு மூடிடறேன். இன்னிக்கு ஒரு பாயைப் போட்டு மறைங்க.”

அவள் வகுப்புப் பிள்ளைகள் டிபன் மிச்சத்தையும் வேப்பஞ்சருகையும் போட்டு எரு ஆக்கும் குழி அது. பக்கத்துப் பாத்தியில் கீரை தளதளவென்று நிற்பது அதனால்தான். இந்த மனுஷனின் மூளைக்கு எப்போதோ சிமென்ட் பூசியாகிவிட்டது, முற்றம்தான் பாக்கி என்று நினைத்தபடி பாயை விரித்தாள்.

மதாம் பொலின் வந்தார். ரெட்டியார்பாளையத்தில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். தமிழ் சரளமாக வந்தது. லூயி முசே குனிந்த குனிவில் அவர் டை முழங்காலைத் தொட்டது.

“எல்லாம் பிள்ளைங்களே நட்டது மதாம்.”

வரிசையில் நின்ற துர்காவின் கண், ஒரு செடியடியில் எட்டிப்பார்த்த கறுப்பு விளிம்பில் நிலைத்தது. குழியில் எதைப் போடுமுன்பும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எறிந்து பழகிய குழந்தை.

“மிஸ், மண்ணுல கவர் கெடக்குது.”

தாளாளர் கண்ணாலேயே கெஞ்சினார். சந்திரகலா அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மண்ணுல கவர் கெடந்தா என்ன பண்ணுவோம்?”

அவ்வளவுதான். வகுப்பே பாய்ந்தது. செடிகள் மளமளவென்று வெளியே வந்தன, கவர்கள் கிழிந்தன.

“ஏய், வுடு, வுடு. வாடகைச் செடி அது.” தாளாளர் வாய் உளறிவிட்டது.

மதாமின் புருவம் ஏறியது. “வாடகையா?”

அதற்குள் கமலக்கண்ணன் என்ற வாண்டு மதாமின் கையைப் பிடித்து இழுத்தான். “வேரு காஞ்சிடும். வாங்க, எங்க எரு போட்டு நட்டுடலாம்.” பாயை அவனே உதைத்துத் தள்ளினான்.

மதாம் ஒரு பிடி எருவை அள்ளி முகர்ந்தார்.

“முசே, இதுக்குன்னா எங்க சங்கம் உதவும். வாடகைச் செடிக்கு உதவாது. ஜனவரில திரும்ப வருவேன். வந்தா நேரா இங்கதான் நிப்பேன்.”

சிமென்ட் யோசனை அங்கேயே செத்தது.

“இது என்னோட ஐடியாதான் மதாம்,” என்றார் லூயி முசே, கூசாமல். போட்டோவுக்குக் குழியோரம் முதல் ஆளாக நின்றவரும் அவரே.

துர்கா அவர் உள்ளங்கையில் ஒரு மண்புழுவை வைத்தாள்.

“மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

புழு அவசரமாக விரலிடுக்கில் நெளிந்து மண்ணில் விழுந்தது. அதற்காவது ரோஷம் இருக்கிறதே என்று, போட்டோவுக்கு வெளியே விலகி நின்ற சந்திரகலா நினைத்துக்கொண்டாள்.