மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கினிக்கோழிகள்

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை விற்றால், கடை திறக்கும் முன்பே நான் வரிசையில் நிற்பேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, அவள் வளர்க்கும் கினிக்கோழிகள், அவற்றுக்கு நடுவே நான் பெற்ற மகள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவாள். இருட்டினால்தான் திரும்பி வருவாள். சாப்பிடும்போதும் அதே பாட்டு.

"பெரியம்மா சொன்னாங்க, கினிக்கோழி பாம்பைக்கூட விரட்டுமாம். பெரியம்மா சொன்னாங்க, குஞ்சு நனைஞ்சா செத்துப்போயிடுமாம்."

"பத்து மாசம் சுமந்தது பெரியம்மாவா, நானா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்காமல் அழுதும் தொலைத்தேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

கோழிதானே இழுக்கிறது? கோழி என்ன வானத்திலிருந்தா வருகிறது? சந்தைக்குப் போய் நன்றாக வளர்ந்த கினிக்கோழி நாலு வாங்கி வந்தேன். சாம்பல் நிற உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, மேலே மொட்டைத் தலை. கத்த ஆரம்பித்தால் மெஷின் ஓடுவதே எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக் கூண்டு கட்டி அதில் விட்டேன்.

மகள் மூன்று நாள் மதில் பக்கமே போகவில்லை. கூண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இருந்த சந்தோஷத்தில் ஒரு சட்டைக்கு வலக் கையை இடப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்கும்போதுகூடக் கோபம் வரவில்லை.

ஓரகத்தி மதில் மேல் எட்டிப் பார்த்தாள். "அட, கினிக்கோழியா! வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தெரிஞ்சுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு."

"கோழி வளக்கறதுக்கு என்னக்கா பெரிய படிப்பு? தீனி போட்டா திங்குது, தண்ணி வெச்சா குடிக்குது."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில் துளி விஷம் இல்லை. அவள் நல்லவளாக இருப்பதுதான் எனக்குத் தாங்காது.

மறுநாள் மதிலுக்கு அப்பால் அவளுடைய கூட்டம் கம்பீரமாக மேய்ந்துகொண்டிருந்தது. என்னுடையவை மட்டும் ஏன் கைதிபோல அடைந்து கிடக்க வேண்டும்?

"திறந்து விடலாமாடி?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "உன் இஷ்டம்மா" என்றாள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். நான் கூண்டையே திறந்துவிட்டேன். நாலும் வெளியே வந்து கழுத்தை நீட்டின. மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு கோழி குரல் கொடுத்தது. அவ்வளவுதான், நாலும் படபடவென்று பறந்து மதிலேறி அந்தப் பக்கம் குதித்தன. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே புள்ளி, ஒரே மொட்டை. எது அவளது, எது என்னுடையது என்று தெரியவில்லை.

பொழுது சாயும்போது ஓரகத்தி மறுபடி தலையை நீட்டினாள். "புது இடத்துல ஆறு வாரமாவது அடைச்சு வெக்கணும். அப்பதான் இது நம்ம வீடுன்னு அதுங்களுக்குப் படும். விடு, அடைஞ்சதும் நாலு பிடிச்சுத் தரேன்."

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் போனதும் என் கோபமெல்லாம் மகள் மேல் திரும்பியது.

"நாள் பூரா அங்கேயே கிடந்தியே, இதுகூடவா உனக்குத் தெரியாது?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு நின்னே?"

"பெரியம்மா சொன்னாங்கன்னு சொல்லணுமே. நீ அழுவியே."

"வேற என்னென்ன சொல்லாம வெச்சிருக்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

நான் அழப் போகிறேனா என்று முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.