இருக்கையில் அமர்ந்தவர் யார்?

பட்டப்பகலில், மூலக்குளத்துப் பட்டறை வாசலில், அந்தச் சிறிய டிராக்டர் மூன்றாம் முறையாக அணைந்தது. சாவியைத் திருப்பினால் உயிர் வந்தது. நின்ற இடத்தில் நிமிடக்கணக்கில் உறுமியது. ஆனால் அஞ்சலாட்சி கியரைப் போட்ட மறுநொடி, ஓரடியும் நகராமல் மூச்சை நிறுத்திக்கொண்டது.

அவள் ஏறினால் நின்றது. பலராமன் ஏறினால் ஓடியது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டது ஊர். வேண்டும் என்றாள் அஞ்சலாட்சி.

வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய வண்டி அது. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து வளைந்தே கிடந்த முதுகுகளுக்கு, நிமிர்ந்து உட்காரக் கிடைத்த முதல் இருக்கை. அதை ஓட்டுவதற்கென்றே பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவள், அவர்களில் ஒருத்தியான அஞ்சலாட்சி. அன்று மாலை குழு கூடவிருந்தது. அதற்குள் குறை தெரியாவிட்டால், சாவி அவளுடைய கணவனின் அண்ணன் பலராமன் கைக்குப் போய்விடும்.

ஏற்கெனவே ஒருமுறை அவர் கைக்குப் போன சாவிதான். புது வண்டியை முதலில் ஆண்தான் ஓட்டி வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். பெண்கள் உழைத்து வாங்கினார்கள். பலராமன் மாலை போட்டுக்கொண்டு ஷோரூமிலிருந்து ஓட்டி வந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு அவருக்கு.

வண்டி நிற்கத் தொடங்கியதும் பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். உள்ளூர் மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். பலராமன் ஏறி ஓட்டிப் பார்த்தார், ஓடியது. மறுநாள் அஞ்சலாட்சி ஏறினாள், நின்றது. கிளட்சைச் சரிசெய்தார்கள், மீண்டும் பலராமன் ஓட்டினார், ஓடியது. மீண்டும் அவள் ஏறினாள், நின்றது. இயந்திரத்தில் குறையில்லை, ஏறுகிறவளிடம்தான் குறை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பட்டறைக்காரி மஹீரா, டிராக்டர்களோடு பதினைந்து ஆண்டுகள் பழகியவள். கதை முழுவதையும் கேட்டாள். இன்னும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. கூடவே வந்திருந்த பலராமனுக்குத் துணையாக வந்த அம்மாவாசை என்னும் ஒல்லியான மனிதருக்குப் பொறுக்கவில்லை.

“பொம்பள ஏறுனா வண்டிக்கு வெக்கமா இருக்குது. அதான் நின்னுடுது,” என்றார்.

மஹீரா அவரைக் கவனிக்காமல் பலராமனிடம் கேட்டாள். “ஒவ்வொரு வாட்டியும் ரிப்பேர் பாத்ததுக்கு அப்புறம், சீட்ல ஏறி ஓட்டிப் பாத்தது யாருண்ணே?”

“நான்தான். வேற யாரு?”

அவள் அம்மாவாசையின் பக்கம் திரும்பினாள். “உங்க வெயிட்டு எவ்ளோண்ணே?”

“நாப்பத்தெட்டு. ஏன், எடைக்குப் போடப் போறியா?”

ஏறி உட்காரச் சொன்னாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சவாரி போகிறவரைப் போல ஏறினார். எஞ்சின் உறுமியது. கியரைப் போட்டார். அணைந்தது. இன்னொரு முறை போட்டார். இன்னொரு முறையும் அணைந்தது.

“உங்களப் பாத்தாலும் வெக்கமா இருக்குது போல,” என்றாள் அஞ்சலாட்சி.

பலராமனே சிரித்துவிட்டார்.

மஹீரா இருக்கையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு சிறிய சுவிட்ச். ஆள் அமர்ந்தால் அது அழுந்தும். அழுந்தாமல் கியர் விழுந்தால், வண்டி ஆளில்லாமல் ஓடிவிடக்கூடாது என்று எஞ்சினை அணைத்துவிடும். பக்கத்திலேயே இருக்கையின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு. முதல்நாள் ஓட்ட வந்த பலராமனின் எடைக்கு ஏற்ப, ஷோரூமில் அதை முழுவதும் இறுக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு எவரும் தொடவில்லை. அஞ்சலாட்சியின் ஐம்பது கிலோவுக்கு அந்த இருக்கை அசையவே இல்லை, சுவிட்சும் அழுந்தவில்லை.

வண்டியை வாங்கியவள் அமர்ந்திருந்தாள்; அவளை ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை அந்த இயந்திரம். அது தானாகக் கற்ற பாடம் அன்று. ஊர் அதற்குக் கற்பித்த பாடம்!

சுவிட்சின் ஒயரை வெட்டிவிட்டால் தொல்லை தீருமே என்றார் பலராமன்.

“வெட்ட மாட்டேன்,” என்றாள் மஹீரா. “அக்கா தவறி கீழ விழுந்தா, வண்டி நிக்கணும்ல?” பிறகு அஞ்சலாட்சியிடம் சொன்னாள். “நீங்களே திருப்புங்கக்கா. உங்க சீட்டு.”

அஞ்சலாட்சி குனிந்து திருகை இடப்புறம் திருப்பினாள். சுற்றுச் சுற்றாகத் தளர்ந்தது ஸ்பிரிங். ஏறி அமர்ந்தாள், இருக்கை மெல்லத் தாழ்ந்து அவளை ஏற்றுக்கொண்டது. சாவி. கியர். கிளட்சிலிருந்து கால் மெதுவாக மேலெழுந்தது.

வண்டி நகர்ந்தது. பட்டறை வாசலைத் தாண்டியது. வில்லியனூர் சாலையில் வந்த பேருந்து வேகத்தைக் குறைத்து வழிவிட்டது.

பலராமன் பக்கத்தில் வேகமாக நடந்து வந்தார். நாளைக் காலை தன் நிலத்துக்கு வண்டி கிடைக்குமா என்று கேட்டார்.

அஞ்சலாட்சி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சாயந்தரம் கூட்டத்துக்கு வந்து பேரு குடுங்க மாமா. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு இருக்காங்க.”