பெயர் மேல் ஒரு சிவப்புக் கோடு

எழுபத்தைந்தில் குன்னூர் பக்கம் கல்மேட்டில் வீடு கட்டும் திட்டத்துக்கு நான்தான் கிளார்க். சிலோனிலிருந்து கப்பலில் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த இருபத்துநாலு குடும்பத்துக்கும் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே அட்டையில் எழுதி ஆபீஸ் வாசலில் தொங்கவிட்டேன். அஸ்திவாரம் போட்டால் பெயருக்கு எதிரே ஒரு நீலப் புள்ளி, சுவர் எழும்பினால் இரண்டு, கூரை போட்டால் மூன்று. எல்லாம் முடிந்துவிட்டால் பெயரின் மேலேயே ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. பார்வையிட வந்த அதிகாரி "ரொம்ப நீட்" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பியூன் மரியஅந்தோணி மட்டும், "ஏனுங்க ஆறுச்சாமி சார், எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு கீழ எழுதிப்போட்டா என்னங்க?" என்றான்.

"பார்த்தா தெரியாதா? நீ போய் டீ வாங்கிட்டு வாய்யா."

வியாழக்கிழமை முதல் வீடு முடிந்தது. காத்தமுத்து, கருப்பம்மா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், இவர்களுக்கான வீடு அது. கோட்டைப் போட்டுவிட்டுச் சாவியோடு காத்திருந்தேன். வெள்ளி முழுக்க ஆள் வரவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்து வெற்றிலை பாக்கும் வைத்து அழைக்க வேண்டுமோ என்று கோபம் வந்தது. சனிக்கிழமை காலை நானே கொட்டகைக்குப் போனேன். அவர்கள் இருந்த மூலை சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது.

பக்கத்து மறைப்பில் இருந்த அய்யாவு தயங்கித் தயங்கிச் சொன்னார். "நேத்தே கூடலூர் பஸ் ஏறிட்டாங்கய்யா. நீங்கதான் பேர வெட்டிட்டீங்களே."

"வெட்டினனா? ஊடு முடிஞ்சதுன்னுதானுங்க கோடு போட்டேன்!"

"அங்கிட்டு சிலோன் தோட்டத்துல, ஆள் பேரெழுதுற செக்ரோல்ல பேர் மேல கோடு இழுத்துட்டா வேலயும் இல்ல, குடியிருக்க லயத்து வீடும் இல்லங்கய்யா. பொழுது சாயறதுக்குள்ள சாமானத் தூக்கிட்டுப் போயிரணும்."

திங்கள் மதியத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த விதியை டைப் அடித்தவனே நான்தான்.

கருப்பம்மாவின் தங்கை கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரையில் இருப்பதாக அய்யாவு சொன்னார். கிளம்புமுன் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன். புள்ளி, கோடு எதுவும் இல்லை, எல்லாம் வார்த்தைதான். "வீடு தயார். சாவி வாங்க வரவும்." அய்யாவுக்குப் படித்துக்காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன்.

"யாரு வரணுங்கய்யா? வாறப்ப என்ன கொண்டாரணும்?"

நியாயமான கேள்வி. "குடும்பத்தில் ஒருவர், குடும்ப அட்டையுடன்" என்று சேர்த்தேன். அவர் தலையாட்டிய பிறகுதான் பஸ் ஏறினேன்.

ஞாயிறு மதியம் ஸ்ரீமதுரையில் ஒரு இஞ்சிக் காட்டில் குடும்பமே களை பறித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் காத்தமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஊடு உங்களுக்குத்தானுங்க. அந்தக் கோடு நான் பண்ணுன தப்புங்க" என்றேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "போறதுக்கு முன்னால எதுக்குன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

கருப்பம்மாதான் பதில் சொன்னார். "அங்க பேர வெட்டுனப்ப கேட்டோங்கய்யா. கேட்டதுக்கு இவுகள அடிச்சாங்க. அதான் இங்க கேக்கல."

திங்கள் காலை பதினொரு மணிக்கு ஐந்து பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். காத்தமுத்து கையெழுத்துப் போட்டார். சாவியைக் கருப்பம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"இங்கருந்து எங்கள எப்பய்யா போகச் சொல்லுவீங்க?"