பெயர் தப்பிய வீடு

பேருந்துப் பணிமனை மெக்கானிக் சீப்பின் பெயரை மறந்த செவ்வாய்க்கிழமை காலை, அவர் வீட்டில் இருந்த மூன்று சீப்புகளும் இல்லாமல் போயின. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பிழைத்து, வலது கை மரத்துப்போய் அவர் வீடு திரும்பி இருபது நாள் ஆகியிருந்தது. மொழி ஆய்வு நிலையத்திலிருந்து வந்த மூளை மருத்துவர் பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். சீப்புப் படத்தில் மெக்கானிக் நின்றுவிட்டார். மருத்துவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்ட அதே நேரத்தில், உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி வெறும் விரல்களை முடிக்குள் விட்டபடி நின்றாள். கடையிலிருந்து புதுச் சீப்பு வாங்கி வந்தாள். வாசற்படியைத் தாண்டியதும் அதுவும் இல்லை. அடுத்த வாரம் குடை போயிற்று. அதன்பின் கத்தரிக்கோல், அதன்பின் நாற்காலி. நாற்காலி போனபோது அதில், பேச்சொலியைக் கருவியில் அலையாக அளக்கும் ஒலியியல்காரர் உட்கார்ந்திருந்தார்.

இடுப்பு வலி தீருமுன்பே அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. சொல்லின் ஓசைதான் முதலில் உதிர்கிறது என்றார் அவர். ஓசை இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் மூளை மருத்துவர். சொற்களை எண்ணுவதே தொழிலாகக் கொண்ட புள்ளியியல்காரர் இரண்டையும் மறுத்து ஒரு கோட்டுப்படம் வரைந்தார். எது வாயில் அதிகம் புழங்குகிறதோ அது கடைசியில் போகும், எது குறைவோ அது முதலில் போகும். மூவரும் உட்கார இடமில்லாத அறையில் நின்றபடியே மதியம்வரை வாதாடினார்கள். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி புள்ளியியல்காரரிடம் வந்தாள்.

"ஆளோட பேரும் போகுமா, தம்பி?"

"அதிகம் கூப்பிடற பேரு போகாதும்மா. பயப்படாதீங்க. உங்களை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாரு?"

அவள் யோசித்தாள். "மாசத்துக்கு ஒரு தடவை இருக்கும். கோபம் வந்தா. மத்தபடி 'இந்தா'தான்."

புள்ளியியல்காரர் கோட்டுப்படத்தைப் பார்த்தார். நாற்காலிக்கு அடுத்துப் போகவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். பிறகு தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டை விட்டு வெளியேறினால் அவள் தப்பிக்கலாம். தெருவில் இருந்த எந்தச் சீப்புக்கும் எந்தக் குடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காள்கூட வந்து கூப்பிட்டாள். வலது கை விளங்காதவருக்குச் சோறு ஊட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பினாள். காலையில் கண் விழித்ததும் முதலில் தன் பாதங்களைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் அவளுக்கு வழக்கமாயிற்று.

ஆய்வு நிலையத்தில் வயதில் இளையவளான பேச்சுப் பயிற்சியாளர், யாரும் அனுப்பாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். அவள் கையில் தாளும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. மெக்கானிக் திணறும்போதெல்லாம், "பேரு வரலன்னா விட்டுடுங்க ஐயா. அது என்ன செய்யும்னு சொல்லுங்க, போதும்" என்பாள். மூன்றாம் ஞாயிறு அவர் வேர்த்து விறுவிறுத்து, "மழைக்கு... மேல... விரியறது" என்றார். குடை ஆணியில் தொங்கியது. விரிந்தே இருந்தது, பிறகு மடங்கவேயில்லை. சீப்பைத் 'தலைய உழுறது' என்றார். அது விரல் பருமன் பற்களோடு வந்து சேர்ந்தது. சொன்னபடிதான் வருகிறது என்று தெரிந்த அன்று மனைவியின் பயம் இரண்டானது.

"என்னை என்னன்னு சொல்லுவாரு, பாப்பா? வாய் ஓயாதவன்னு சொன்னா அப்படியே ஆயிடுவேனே."

"நல்லதா ஒண்ணுகூடவா இருக்காதும்மா?"

"இருக்கும். அவர் கவனிச்சாரான்னுதான் தெரியல."

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மெக்கானிக்குக் கோபம் எதுவும் இல்லை, தாகம்தான். 'இந்தா' அடுப்படிவரை எட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது. அடுப்படியில் டம்ளர் அவள் கையை ஊடுருவிக் கீழே விழுந்தது. ஓடி வந்தாள், பாதம் தரையில் பட்ட சத்தமே கேட்கவில்லை. முழங்கால்வரை போயிருந்தது, பிறகு இடுப்புவரை. கத்தினாள், குரல் வரவில்லை. மெக்கானிக் அதைப் பார்த்தார். அவர் நெற்றி நரம்பு புடைத்தது, இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்து உலுக்கியது. அந்த அறையில் ஆய்வாளர் ஒருவரும் இல்லை, கடவுள் இருந்திருக்க வேண்டும்.

"வேலை விட்டு... வந்தா," என்றார். "கிரீஸு... கையெல்லாம் கிரீஸு. என் கைக்கு... சுடுதண்ணி வெக்கிறவ."

இருபத்தாறு வருடம் ஒரு மாலைகூடத் தவறாமல் குழாயடியில் அந்த வெந்நீர் வாளி இருந்தது. அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் தரையில் கால் ஊன்றி நின்று, முதல் வேலையாகத் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைப் பிடித்த கை, கைக்கு இதமான வெந்நீரின் சூட்டில் இருந்தது.

அந்தச் சூடு பிறகு குறையவேயில்லை. மூவரும் வந்து அளந்தார்கள். மூன்று கட்டுரைகள் எழுதி, மூன்றிலும் ஒருவரையொருவர் மறுத்தார்கள். புள்ளியியல்காரர் மட்டும் அன்று வீட்டுக்குப் போனதும் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அந்த அம்மாள் பதறிப்போய் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். மெக்கானிக் வீட்டில் அவள் பெயர் திரும்பவில்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை. மழைக்காலத்தில் அண்டை வீட்டார் உலராத துணிகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய், அரை மணி கழித்து வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.