பனிமூட்டத்து மணி

ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு அம்மா மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையிலிருந்து வெட்டியெடுத்த கை அது. கீழே ஏணியைப் பிடித்திருந்த உர்சினாவுக்குத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. விடியற்காலையிலிருந்து அப்பாவைத் தூக்கித் துடைத்து, சவரம் செய்து, நல்ல கோட்டை மாட்டி, உள்ளறைக் கட்டிலில் கிடத்தியது அவர்கள் இரண்டு பேர்தான். உயிரோடு இருந்தபோது இத்தனை கனம் இல்லை அவர்.

"இறுக்கிக் கட்டும்மா. காத்துல அவுந்துரும்."

"எங்கப்பனுக்கும் நான்தான் கட்டினேன். நீ ஏணியை ஆட்டாம இரு."

சவப்பெட்டி வாசல்படியைத் தாண்டுகிறவரை சாவு வீட்டில் மணி பேசக் கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். பேசினால், வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று செத்தவர் எழுந்து போய்விடுவாராம். மற்ற வீடுகளுக்கு அது வெறும் வழக்கம். கணவாயின் உச்சியில் வழிப்போக்கர்களைத் தங்கவைக்கும் இந்த வீட்டுக்கு மணிதான் பிழைப்பு. மூட்டம் இறங்கிவிட்டால் பாதையும் பள்ளமும் ஒன்றாகிவிடும். நடந்து வருகிறவனும் சைக்கிள் மிதித்து வருகிறவனும் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்து சேரவேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்தபின் நிதானமாக மூன்று அடி. கதவைச் சாத்துகிறோம் என்று அர்த்தம்.

அந்த மூன்றை அப்பா மட்டும்தான் அடிப்பார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் எண்ணிக்கை பிசகி, ஒரு ஆள் வெளியே இருக்கும்போதே அடித்துவிட்டார். மறுநாள் காலையில் சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண்ணை ஓடையோரத்தில் கண்டெடுத்தார்கள். கதவிலிருந்து இருநூறு தப்படிகூட இருக்காது. மூன்று அடியைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் அந்தக் கோடையிலிருந்து தினமும் காலையில் கீழே வரைக்கும் நடந்து போய், பனியில் பாதை தெரிவதற்காகச் சாலையோரம் நட்டிருக்கும் பனிக்கம்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பி ஏறி வருவார். கடைசி வளைவுகளில் மூச்சு வாங்கும் சைக்கிள்காரர்களின் முதுகில் கையை வைத்து மேலே தள்ளிவிடுவார்.

அம்மா இறங்கி முடிப்பதற்குள் எதிர்ச் சரிவு காணாமல் போயிருந்தது. ஏரி போனது. பிறகு வேலி போனது. உள்ளே தொலைபேசி அடித்தது.

கீழே தடுப்புக் கட்டையடியில் நிற்கும் சாலைக்காரன் ஃப்ளூரின். கட்டையை இறக்கியதும், அதற்கு முன்னால் மேலே ஏறியவர்கள் எத்தனை பேர் என்று சொல்வது அவன் வேலை.

"உர்சினா, கட்டையைப் போட்டுட்டேன். எட்டு பேரு எழுதிக்கோ. ஏழு சைக்கிளு, அப்புறம் உங்கப்பா. என் சுத்தியல் அவருகிட்டதான் இருக்கு. கேட்டா காது கேக்காத மாதிரி போறாரு, கிழட்டு நரி."

உர்சினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா விடியக்காலைல செத்துட்டாரு, ஃப்ளூரின். உனக்கு யாரும் சொல்லலியா? டாக்டர் தெக்குப் பக்கத்துலேர்ந்து வந்துட்டுப் போனாரு."



"எட்டுன்னு எழுதியிருக்கேனே."

"பாத்து எழுதினியா, பழக்கத்துல எழுதினியா?"

"பத்தரைக்கு ஒருத்தர் நடந்து போனாரு. கைத்தடியைத் தூக்கிக் காட்டுனாரு. நானும் கையைத் தூக்குனேன். மூஞ்சியைப் பாக்கல. பதினெட்டு வருஷமா தூக்குறேன், மூஞ்சியை யாரு பாக்குறா?" அவன் குரல் இறங்கியது. "வேற யாராவது நடைக்காரனா இருக்கும். இருக்கணும். நீ மணியை அடி."

அவள் மறுபடி ஏணியைச் சாத்தியபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அவுக்காத. அவரு இன்னும் உள்ளதான் படுத்திருக்காரு."

"வெளில எட்டு பேரு இருக்காங்கம்மா."

"ஏழு. அந்தக் குடிகாரன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான்."

"ஏழுன்னாலும் அடிச்சுத்தானே ஆகணும்? எட்டாவது ஒருத்தன் உண்மையிலேயே இருந்தா? நாளைக்கு ஓடையோரத்துல யாரு போய்ப் பாக்குறது? நீ போறியா?"

அம்மாவின் வாய் கோணிக்கொண்டது. அவள் ஏணியை விட்டு விலகி, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்தவரின் காதைப் பொத்தப் போனவள்போல் இருந்தது.

துணியை அவிழ்த்ததும் உர்சினா அடிக்கத் தொடங்கினாள். ஐந்து அடி, ஒரு நிமிஷம் நிறுத்தம், மறுபடி ஐந்து. கயிறு நனைந்து உள்ளங்கையை அறுத்தது. சத்தம் மூட்டத்துக்குள் போய் எங்கும் முட்டாமல் அமுங்கியது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு மூன்று. எல்லோருடைய உடம்பிலிருந்தும் ஆவி பறந்தது. ஆறாவதாக வந்த ஹாலந்துக்காரன் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஊர்ல மேடுன்னா பாலம்தான்க்கா. அதுக்கே இறங்கித் தள்ளுவோம். என் பொண்டாட்டி மலையைப் பாத்துட்டு வான்னா. எங்க மலை? ஒண்ணையும் காணோம்!"

"உள்ள போய் சூப்பைக் குடி. மெதுவாப் பேசு, வீட்ல சாவு."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உள்ளே போனான். அதன்பிறகு ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. அவள் கை மாற்றி அடித்தாள். இடையில் நிறுத்தும்போதெல்லாம் காதைத் தீட்டினாள். ஒரு தடவை சாலைப் பக்கம் 'டொக்' என்று கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டொக்'. யாரோ பனிக்கம்புகளைத் தட்டிக்கொண்டே ஏறுவதுபோல். அவள் அடுத்த ஐந்தை அவசரமாக அடித்தாள்.

மூன்றரை மணிக்கு ஏழாவது ஆள் மூட்டத்திலிருந்து வெளிப்பட்டான். பெல்ஜியத்துக்காரன், யோரிஸ் என்று பெயர் சொன்னான், பெருத்த சரீரம், ஐம்பதைத் தாண்டியவன். மிதிக்காமலே வருபவன்போல் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க வீட்டுப் பெரியவருக்கு என்ன குடுத்தாலும் தகும்மா. நான் ரோட்டோரத்துல உக்காந்துட்டேன், இன்னைக்கு இவ்வளவுதான்னு. எழுப்பிவிட்டு, கடைசி மூணு வளைவும் முதுகுல கையை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்தாரு. அப்பப்பா, என்ன சில்லுன்னு ஒரு கை!"

உர்சினாவின் கையில் கயிறு நின்றது. அம்மா எப்போது கதவைத் திறந்து வந்தாள் என்று தெரியவில்லை. வாசல்படியில் நின்றிருந்தாள்.

"மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றாள் உர்சினா.

"எங்க விட்டாரு? திரும்பிப் பாக்காத, திரும்பினா கால் விட்டுப் போயிரும்னு அதட்டினாரு. சின்ன வயசுல எங்கப்பா பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓட்டக் கத்துக்குடுத்த மாதிரி இருந்துச்சு."

பன்னிரண்டு வயதில் உர்சினா முதல்முதலாக இந்த மேட்டை மிதித்து ஏறியபோதும், முதுகுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் அதே அதட்டல்தான்.

"அவரு இப்ப எங்க?" கேட்டது அம்மா.

"வாங்க, ஒரு வாய் சூடாக் குடிச்சிட்டுப் போலாம்னு கூப்பிட்டேன். வரலை. கீழ ஒரு பொண்ணு உக்காந்திருக்கு, அதைக் கூட்டிட்டு வந்துர்றேன்னு இறங்கிட்டாரு. சிவப்புக் கோட்டாம். நான் வழியில யாரையும் பாக்கலியே..." யோரிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன், என்ன ஆச்சு?"

உள்ளே தொலைபேசி அடித்தது. ஃப்ளூரினாகத்தான் இருக்கும், எல்லோரும் வந்தாச்சா, மூன்று அடிச்சாச்சா என்று கேட்பான். அடித்து ஓய்ந்தது. உள்ளறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் அப்பாவின் நல்ல கோட்டின் பித்தான்கள் தெரிந்தன. மார்பில் கோத்துவைத்திருந்த கைகள் வைத்தபடியே இருந்தன.

அம்மா சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, உர்சினாவின் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"கை புண்ணாயிருச்சு பாரு. போ, சூப்பைச் சூடு பண்ணு."

"எத்தனை பேருக்கும்மா?"

அம்மா கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். அவளுக்கு எழுபத்தொரு வயது. முழு உடம்பையும் கொடுத்து ஐந்து அடி அடித்தாள். நின்றாள். மூட்டத்தின் பக்கம் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள்.

"ரெண்டு கிண்ணம் எடுத்து வை," என்றாள்.

உர்சினா இரண்டு கிண்ணங்களில் பார்லி சூப்பை ஊற்றி, வாசலைப் பார்த்திருந்த மேசையில் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை. மூட்டம் படியேறி வந்து, தரையில் பரவி, கிண்ணங்களின் ஆவியோடு கலந்தது. வெளியே மறுபடி ஐந்து அடி.