ரெகீனாவுக்குக் கோபம் வரவழைக்கும் வேலை

லிதுவேனிய எல்லையை ஒட்டிய ஓல்ஷான்காவில் கடைகளுக்கும் வங்கிக்கும் பல் மருத்துவமனைக்கும் முன்னால் விழும் பனியை ரெகீனா ஸ்தாஹோவ்ஸ்கா திட்டித்தான் அப்புறப்படுத்தினாள். மற்ற ஊர்களில் இதற்கு வண்டி வைத்திருந்தார்கள். அவளும் அவள் கணவன் லேஷெக்கும்கூட தொழில் தொடங்கியபோது முன்பக்கம் தகடு பொருத்திய பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார்கள். முதல் குளிர்காலத்திலேயே அது டைல்ஸ் கடை வாசலில், கடை திறக்கும் நேரம் பார்த்து நின்றுபோனது. ரெகீனா கீழே இறங்கி டிராக்டரைத் திட்டினாள், அதை விற்றவனைத் திட்டினாள், வாங்கலாம் என்று சொன்ன லேஷெக்கைத் திட்டினாள். கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த பனியைப் பார்த்து, "ஒனக்கு விழறதுக்கு வேற எடமே கெடைக்கலையா? எதுக்கு இங்க வந்து என் உயிர வாங்குற?" என்றாள். பனி எழுந்தது. விருந்தில் மரியாதை கிடைக்காத உறவுக்காரரைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தது. சாலையில் பால் வண்டி வந்ததால் அது போகும்வரை நின்று, பிறகு குறுக்கே கடந்து, எதிர்ப்புறத் தரிசு வயலில் போய்ப் படுத்துக்கொண்டது. டைல்ஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் இதுவரை செய்ததில்லை என்று சொல்லி, அந்தக் குளிர்காலம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

அதன்பின் வங்கி வந்தது, பல் மருத்துவமனை வந்தது, மரச்சாமான் கிடங்கு வந்தது. பக்கத்து ஊரில் ஆரஞ்சு நிற வண்டிகள் வைத்துத் தொழில் செய்த குப்யாக் சகோதரர்கள், இயந்திரமே இல்லாமல் பனி அகற்றுவது முறையற்ற போட்டி என்று அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். ஓர் ஆய்வாளர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். திட்டுவது கைவேலையில் சேரும், ஆகவே அனுமதி உண்டு, ஆனால் ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும், விடியுமுன் உரத்த குரலில் திட்டக்கூடாது என்று முடிவு சொன்னார். ரெகீனா தாழ்ந்த குரலில் திட்டப் பழகினாள். பனிக்கு அதுதான் அதிகம் உறைத்தது. ஐஸ் விஷயம் வேறு. தரையோடு ஒட்டிக் கண்ணாடியாகக் கிடக்கும் ஐஸ் எந்தத் திட்டுக்கும் அசையாது. அதனிடம், "ஒங்கிட்ட எனக்குப் பேச்சே கெடையாது" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சற்று நேரத்தில் தானாகவே இளகி, சாக்கடைப் பக்கம் வழிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பொய்க் கோபத்துக்குப் பனி மசியாது. ரெகீனா நடித்துப் பார்த்த அன்று, வங்கி வாசல் பனி ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. ஆகவே பனி பெய்த காலைகளில் அவளுக்கு நிஜமாகவே கோபம் வர வேண்டியிருந்தது. அதை வரவழைப்பது லேஷெக்கின் வேலை ஆயிற்று. பிறவியிலேயே சாது அவன். எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிற ஆள். அவன் சிரமப்பட்டுத்தான் இந்த வேலையைக் கற்றான். வெண்ணெயைத் திறந்து வைத்து ரொட்டித்தூள் படவிட்டான். சூடான தேநீர்க் குவளையை அவள் தேய்த்து மடித்த துணிமேல் வைத்தான். அவள் மாமியார் கைப் பியெரோகிக் கொழுக்கட்டையின் மென்மையைப் பற்றி, அவள் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பேச்செடுத்தான். பிறந்தநாளைப்போலக் கொண்டாடும் அவள் பெயர்ப் புனிதரின் திருநாளை மறந்ததுபோல நடித்தான். ஒரு முறை நிஜமாகவே மறந்தான், அன்று கிடங்கின் பின்புறம்வரை சுத்தமானது. வேலை முடிந்து அவள் வீடு திரும்பும்போது சூடான பன்னும் மன்னிப்பும் மேசையில் தயாராக இருக்கும். ஊரில் பாதிப் பேர் ரெகீனாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள், மீதிப் பேர் லேஷெக்குக்காக. அவன் செய்வதும் உழைப்புதான் என்று ஒருவரும் சொன்னதில்லை. அது அவனுக்கு ஒரு சின்னக் குறை.

வெண்ணெயும் தேநீரும் பலிக்காத பெரும்பனி நாட்களுக்கென்று அவனிடம் ஒரு பெயர் இருந்தது: விட்டோல்ட். ரெகீனாவின் ஒரே தம்பி. தாயின் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ரெகீனா அழுதுகொண்டே வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னக்கா, ரோட்டுல ஐஸ் உருகப் போடுற உப்ப இதுல கொட்டிட்டியா?" என்று கேட்டவன். உறவினர்கள் சிரித்தார்கள். ரெகீனா அவனைத் தட்டோடு வெளியே அனுப்பினாள். பிறகு அவன் நார்வேக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெயரைக் காலையில் ஒரு தரம் உச்சரித்தால் போதும், ஊரின் மிகப் பெரிய வண்டி நிறுத்துமிடமான சூப்பர் மார்க்கெட் மைதானம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும். அந்தப் பெயரைப் பற்றி லேஷெக்குக்குத் தெரிந்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு டிசம்பரில் ரெகீனாவின் தொண்டையில் சிறு கட்டி தென்பட்டது. சுவாவ்கி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருவரும் வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம்கூடக் கேட்காமல் நடமாடினார்கள். நல்லவேளையாகப் பனியும் பெய்யவில்லை. பிறகு ஒரு காலை மருத்துவர் கூப்பிட்டு, அது ஒன்றுமில்லை, வெறும் கொழுப்பு என்று சொன்னார். ரெகீனா ஆஸ்பத்திரியிலிருந்து பேருந்தில் திரும்பி வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. பேருந்தின் டீசல் வாடை பிடித்தது, காலை மிதித்த ஆளைப் பிடித்தது, மூன்றாவது வீட்டு நாயின் ஓயாத குரைப்புக்கூடப் பிடித்தது. வீட்டுக்குள் நுழையும்போதே வெளியே பனி பெய்யத் தொடங்கியது. "எவ்ளோ நாளாச்சு, வந்துடுச்சு பாரு" என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

மறுநாள் காலை லேஷெக் வெண்ணெயில் ரொட்டித்தூள் போட்டான். அவள் அதையே தடவிச் சாப்பிட்டாள். அவள் தாயின் படிகக் கிண்ணத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கீழே போட்டான். "போகட்டும், தூசி தட்டுற வேல மிச்சம்" என்று துடைப்பம் எடுத்து வந்தாள். கடைசியில் பெயரைச் சொன்னான். அவள் ஒரு நிமிடம் அடுப்பைப் பார்த்தபடி நின்று, "பாவம், அங்க தனியா என்னத்த ஆக்கிச் சாப்பிடுறானோ" என்றாள். லேஷெக்குக்குக் குளிர் எடுத்தது.

பனி நிற்காமல் பெய்தது. சேதி பரவி, அவளுக்குக் கோபமூட்ட ஊரே உதவிக்கு வந்தது. பாதிரியார் நேரில் வந்து, தேவாலயத்தில் அவள் பாடும்போது தனக்குப் பல் கூசுகிறது என்றார். "எனக்குந்தான் சாமி" என்று அவள் சிரித்தாள். குப்யாக் சகோதரர்களில் மூத்தவன் சாலை மூடுமுன் காரில் வந்து அவளை மோசடிக்காரி என்றான். போகும்போது கையில் கசகசா ரோல் கொடுத்து அனுப்பப்பட்டான். சூப்பர் மார்க்கெட் மேலாளர் கோபெர் கழுத்து நரம்பு புடைக்க வந்தார். "மேடம், ஒங்க ஒப்பந்தத்த இதோட முடிச்சுக்கறேன்" என்றார். "நல்ல முடிவு சார், கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்னு நானும் நெனச்சேன்" என்றாள் ரெகீனா. கோபெர் வெளியே வந்து லேஷெக்கின் சட்டையைப் பிடித்தார். "யோவ், நீ புருஷன்தான? ஒரு பொம்பளைக்குக் கோபம் வர வைக்கத் தெரியலயா ஒனக்கு?" இதற்குள் பனியும் அவளிடம் பழகிவிட்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் பூனைக்குட்டிபோல வந்து காலைச் சுற்றிக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மதியம், பண்டிகைக் கெண்டை மீன் வாங்க ஊரில் பெரும்பாலோர் சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருந்தார்கள். மீன் தொட்டி அங்கேதான் வைத்திருந்தார்கள். கூரையில் ஆளுயரத்துக்குப் பனி ஏறியிருந்தது. முதலில் ஒரு விளக்குப் பட்டை விழுந்தது. பிறகு நுழைவாயிலின் மேல் உத்தரம் தொய்ந்து, கண்ணாடிக் கதவுகள் இறுகிக்கொண்டன. பின்வாசலைப் பனி மூடியிருந்தது. தீயணைப்பு வண்டி ஊர் எல்லையிலேயே புதைந்து நின்றது. குப்யாக்கின் ஆரஞ்சு வண்டி ஒன்றும் அதன் பின்னால் கிளம்பி வந்து புதைந்தது. லேஷெக் ரெகீனாவின் கையைப் பிடித்து, இடுப்பளவு பனியில் மைதானத்துக்கு இழுத்து வந்தான். கண்ணாடிக்கு உள்ளே கோபெரும் பாதிரியாரும் தெரிந்தார்கள், பாலித்தீன் பையில் துள்ளும் மீனோடு பெண்களும். கூரை முனகுவது வெளியே கேட்டது. ரெகீனா பனியைப் பார்த்து வாயைத் திறந்தாள், "தயவு செஞ்சு" என்றுதான் வந்தது. பனி இன்னும் நெருங்கி வந்து அவளை அணைத்தது.

"வரமாட்டேங்குது லேஷெக்" என்று அவள் அழுதாள். "நெஞ்சுல தேடிப் பாக்கறேன், ஒண்ணுமே இல்ல."

லேஷெக் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"விட்டோல்ட் நார்வேக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு வந்தான்" என்றான். "நீ சந்தைக்குப் போயிருந்த. ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு படியிலயே உக்காந்திருந்தான். நீ அவன் மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டதா நான்தான் சொல்லி அனுப்பிட்டேன்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லல."

"அப்புறம் ஏன்?"

"சமாதானம் ஆயிட்டா ஒனக்குக் கோபம் போயிடும். இந்தக் கடையோட ஒப்பந்தம் அப்பத்தான் வந்திருந்தது." அவன் கூரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நிறுத்த முடியாது என்று தெரிந்தது. "வருஷா வருஷம் பண்டிகையன்னிக்கு ஒரு போன் வருமே, ராங் நம்பர்னு நான் வச்சிடுவேனே. அது அவன்தான்."

"போன வருஷம் நான் சொன்னேன்" என்றாள் ரெகீனா மெதுவாக. "யாரோ தனியாளு போலிருக்கு, பண்டிக நாளும் அதுவுமா ரெண்டு வார்த்த பேசுன்னு சொன்னேன். பேசினியா?"

"பண்டிகை வாழ்த்துகள்னு சொன்னேன். சொல்லிட்டு வச்சுட்டேன்."

அவள் அவன் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "போ" என்றாள். அவள் அன்று திட்டிச் சொன்னது அந்த ஒரு சொல்தான், அதுவும் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

முதலில் கூரைப் பனி இறங்கியது, ஒரே துண்டாக, ஓசைப்படாமல். பின்னர் மைதானத்துப் பனி, சாலைப் பனி, வீட்டு முற்றங்களின் பனி, ஃபிர் மரக்கிளைகளின் பனி எல்லாம் புறப்பட்டன. தீயணைப்பு வண்டி வெறும் தாரில் நிற்பதைக் கண்டு ஓட்டுநர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். உத்தரம் பழையபடி நிமிர்ந்தது, கதவுகள் திறந்தன, மக்கள் மீன் பைகளோடு வெளியே வந்தார்கள். பனியில் ஒரு பகுதி லிதுவேனிய எல்லையைத் தாண்டிப் போய்விட்டதால் அந்தப் பக்கத்தார் அதிகாரபூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். லேஷெக்கும் போனான். அவன் கால் எடுத்து வைக்கவில்லை. நின்றபடியே, கையில் தொப்பியோடு, பனியோடு பனியாகச் சாலையைக் கடந்து, டைல்ஸ் கடைக்கு எதிரே இருந்த தரிசு வயலின் நடுவில் போய் நின்றான்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கப் பார்த்தான். வயல் வரப்பைத் தாண்டியதும் கால்கள் தாமாகப் பின்னுக்கு வழுக்கி, பழைய இடத்தில் கொண்டுவந்து விட்டன. இன்னும் சில முறை முயன்று பார்த்துவிட்டு, வயல் மூலையில் பழைய டிராக்டரை நிறுத்தி வைத்திருந்த கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். கோபெர் போர்வையும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டுவந்து கொடுத்தார். "ஒங்களால பொழச்சோம்" என்றார். சற்று யோசித்து, "ஆனாலும் நீங்க செஞ்சது தப்பு சார்" என்றார். லேஷெக் தலையாட்டினான்.

பண்டிகையன்று தொலைபேசி அடித்தபோது ரெகீனா எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், "நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். "வார்சா விமான நிலையத்துல" என்றான் விட்டோல்ட். "இந்தத் தடவையும் ராங் நம்பர்னு சொன்னா திரும்பிப் போயிடலாம்னு டிக்கெட் கையிலதான் வச்சிருக்கேன்." பண்டிகையின் மறுநாள் வந்து, ஊர் வழக்கப்படி எதிர்பாராத விருந்தாளிக்கென்று வைத்து எடுக்காமல் விட்டிருந்த தட்டின் முன் உட்கார்ந்தான். அக்கா வைத்த சூப்பைக் குறை சொல்லாமல் குடித்தான். அவளே கேட்டாள், "உப்பு எப்படி இருக்கு?" "கொஞ்சம் கம்மி" என்றான். இருவரும் சிரித்து, பிறகு அழுதார்கள். சாப்பிட்டு முடித்ததும் ரெகீனா ஒரு தட்டில் மீனும் கிண்ணத்தில் பீட்ரூட் சூப்பும் எடுத்துக்கொண்டு பின்வாசலைத் திறந்தாள். அன்று காலை புதிதாக விழுந்திருந்த பனியின் மேல் அவற்றை வைத்து, வயல் இருந்த திசையைப் பார்த்து முறைத்தாள். பனி நகர்ந்து, சூப் ஒரு சொட்டும் சிந்தாமல் கொட்டகை வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் குளிர்காலத்தில் தொழில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாக நடந்தது. ரெகீனா ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று வயல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும், கோபம் தானாக வந்தது. அவள் பார்ப்பாள் என்று தெரிந்து, பனி பெய்த காலைகளில் லேஷெக் தாடியை மழித்து, ஒளிரும் மேலங்கி அணிந்து, கண்ணில் படும்படி மேட்டில் ஏறி நின்றான். கோபெர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அவன் பெயரையும் அதில் சேர்த்தார்.

மார்ச் முடிவில் பனி இளகத் தொடங்கியது. ஒரு நாள் லேஷெக் வரப்பைத் தாண்டியும் வழுக்கவில்லை. அடுத்த வாரம் பேருந்து நிறுத்தம்வரை வர முடிந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களோடு பேசிவிட்டுத் திரும்பினான். சாலையோர ஐஸ் கரையக் கரைய அவன் நெருங்கி வந்தான். ஆப்பிள் பூத்தபோது வேலிக்கு வெளியே நின்றான். பல நாட்கள் அங்கேயே நின்றான், மழையிலும் நின்றான். ரெகீனா உருளைக்கிழங்குக்குப் பாத்தி வெட்டியபடி அவனை ஏறிட்டுப் பார்க்காமலே இருந்தாள். ஜூனில் ஒரு மதியம், நிமிராமலேயே, "காலெல்லாம் சேறு. கழுவிட்டு வா" என்றாள். அவன் கழுவிவிட்டு வந்தான். அதைப் பற்றி இருவரும் அன்று பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள், சில நாட்கள் சத்தமாகவும்.

நவம்பரில் முதல் பனி விழுந்த காலையில், தேநீர் குடித்துக்கொண்டிருந்த லேஷெக் நாற்காலியோடு வாசல்வரை வழுக்கிப் போனான். ரெகீனா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள், ஆனால் வழுக்குவது நிற்கவில்லை. அவள் உள்ளே போய்க் கம்பளிக் காலுறையும் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாயும் எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். "போயிட்டு வா" என்றாள். அப்போதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். லேஷெக் படுக்கையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தபடி கடைத்தெரு வழியாக வயலை நோக்கி மெல்ல வழுக்கிப் போவதைப் பார்த்தால், ஓல்ஷான்காவில் எல்லோரும் அன்றே கார்களுக்குப் பனியில் வழுக்காத குளிர்கால டயர் மாட்டிவிடுவார்கள்.