கூப்பிடு தூரத்து ஜவுளிக்கடை

இங்கிட்டு வாங்கண்ணே, புளியமரத்தத் தாண்டினா கடைதான் என்று செங்கமலம் மனதுக்குள் நினைத்தாள். புதுக்கோட்டை வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் வாயைத் திறக்கவே இல்லை. பதினாலு மைலுக்கு அப்பால், கீரனூரில் அவள் கணவன் நாகராசுவின் ஜவுளிக்கடைக் கதவு அதை அவள் குரலிலேயே உரக்கச் சொன்னது. 1938ஆம் வருஷம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

காரணம் ஒரு நோட்டீஸ். கீரனூர், பொன்னமராவதி, மீமிசல் என்று மூன்று ஊர்களில் நாகராசு கிளைக்கடை திறந்திருந்தான். ஜனங்களுக்கு அது தெரியவில்லை. கீரனூர்க்காரர்கள்கூட அந்தக் கடையைத் தாண்டி வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கே வந்தார்கள். எழுதத் தெரிந்தவள் என்பதால் மனைவியை ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னான். "எந்த ஊரில் இருந்தாலும் எங்கள் கடை உங்களுக்குக் கூப்பிடு தூரம்" என்று அவள் எழுதினாள். பக்கம் என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கவேண்டியிருந்த மூக்கன் என்ற கீரனூர்ச் சம்சாரி, நோட்டீஸைப் படிக்கச்சொல்லிக் கேட்டு, அப்படியே நம்பி, வரப்பில் ஏறி நின்று கூப்பிட்டான்.

"ஏ நாகராசு கடே! எங்கிட்டு இருக்க?"

பதில் வந்ததும் அவன் பெண்சாதி அழகி சிரித்தாள். "கடைக்கு இருக்குற மரியாத ஒனக்கு இல்லையே! வாங்கண்ணேன்னு கூப்புடுது பாரு."

சித்திரைக்குள் எல்லோரும் கூப்பிட்டார்கள். கிணற்றடியிலிருந்தும், களத்துமேட்டிலிருந்தும், படகிலிருந்தும். யாருக்கு எந்தக் கடை பக்கமோ அந்தக் கடை பதில் சொன்னது. கூப்பிட்டவர் சொல்வதும் நிற்கும் இடமும் செங்கமலத்துக்குத் தன் பசி தெரிவதுபோலத் தெரிந்தன. வாய்க்கால், ஐயனார் கோயில், இடப்பக்கத் திருப்பம் என்று நினைத்தாலே போதும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேச்சு கொல்லையைத் தாண்டியதில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் அவள் சொல்லை நம்பிக் கால் எடுத்து வைத்தார்கள். சில நாள் சோறு வடிக்கையில், இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கஞ்சியைக் கைமேல் ஊற்றிக்கொள்வாள். நாகராசு அவள் குரல் கடைகளில் பேசுவதை மழை பெய்வதுபோல இயல்பாக எடுத்துக்கொண்டான். குரல் வரும் கதவுகளுக்கு வருஷம் ஒருமுறை எண்ணெய் பூசினான்.

1944இல் யுத்தத்தால் துணி வரத்து குறைந்தது. கீரனூர், மீமிசல் கடைகளை மூடிப் பலகை அடித்தார்கள். ஆடியில் ஒரு காலை, மீமிசல் கரையிலிருந்து ஆரோக்கியம்மாள் என்ற மீன்காரி கூப்பிட்டாள். மகள் நிறைமாசம், பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்ற நல்ல துணி இல்லை. தனியே விட ஆளில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள், எந்தப் பக்கம் நடக்க?

திறந்திருந்த கடைகளில் அவளுக்குப் பக்கம் புதுக்கோட்டை. நாற்பது மைலுக்கு மேல். செங்கமலம் கணவனிடம் சொன்னாள்.

"பக்கந்தான்னு சொல்லு புள்ள. கெளம்பிட்டா பாதியில திரும்ப மாட்டாங்க."

"மக நெறமாசங்க. அங்கனயே குழந்தைசாமி கடையில துணி இருக்கு."

"அவன் கடைக்கு வழி சொல்லவா ஒனக்குக் கொரல் வந்துச்சு? நான் சொன்னதச் சொல்லு. இல்ல, ஆசாரியக் கூப்புட்டு அத்தன கதவையும் கழட்டிப்புடுவேன்."

கழற்றுவான். கதவு போனால் குரல் போகும், கொல்லைதான் மிஞ்சும். அவள் அதை முழுதாக நினைத்துப் பார்த்தாள். பக்கம் என்ற சொல் நாக்கின் அடியில் வந்து நின்றது, எவ்வளவு சின்னச் சொல். அதை நம்பி அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பாள். ஆறு வருஷமாக இந்தக் குரல் ஒருவரையும் ஏமாற்றியதில்லை என்பதாலேயே நடப்பாள்.

மீமிசலில் அடித்த பலகைகள் பேசின. எங்க கடை தூரம் அக்கா, நடக்காதீங்க. கோயிலுக்குப் பின்னாடி குழந்தைசாமி கடையில கேளுங்க.

"சொல்லிட்டியா?" என்றான் நாகராசு.

"நீங்க சொன்னதச் சொல்லமாட்டேங்க" என்றாள் செங்கமலம், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.